நீல உறையில் ஒரு வட்டம்

நீங்கள் எல்லோரும் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். கருவியை எப்படிப் பொருத்துவது, வடிதாளை எப்படி நிறுப்பது என்று நான் பாடம் எடுக்கத் தொடங்கினால் கொட்டாவி விடுவீர்கள், விடுவதும் நியாயம்தான். ஆகவே அதை விட்டுவிடுகிறேன். நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன். என் பிழைகளை எல்லாம் எழுதப்போனால் ஒரு கொப்பி போதாது. மற்றவற்றை நினைத்தால் சிரிப்பு வரும். இதை நினைத்தால் வாயில் வைத்த சோறு இறங்காது.

சுனாமிக்குப் பிறகு கல்லடிக் கரையில் உடைந்த வள்ளங்கள், மெத்தைகள், கதவுகள், டயர்கள் எல்லாவற்றையும் குவித்து எரித்தார்கள். அந்தப் புகை பாலம் தாண்டிப் பட்டணத்துக்குள்ளும் நாட்கணக்காக வந்தது. அப்போதுதான் வெளிநாட்டு உதவியாக எங்கள் சுற்றாடல் கந்தோருக்கு, அதாவது அலுவலகத்துக்கு, ஒரு பெட்டி கிடைத்தது. மேலே ஒரு வாய், வாய்க்குள் ஒரு வெள்ளைத் தாள், கீழே காற்றை இழுக்க ஒரு பம்ப், பக்கத்தில் இரண்டு பற்றரி. ஒரு நாள் ஓடவிட்டுத் தாளை எடுத்து நிறுத்துப் பார்த்தால் காற்றில் எவ்வளவு தூசி இருந்தது என்று தெரிந்துவிடும். கல்லடிப் புகையை அதைக்கொண்டு அளந்தவன் நான்தான். கொழும்பிலிருந்து வந்தவர்கள் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து என் தலை கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது.

எங்கள் கந்தோரின் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். அங்கே எந்த மெஷினாக இருந்தாலும் அதற்கு ஒரு உறை தைத்துவிடுவோம். தட்டச்சு மெஷினுக்கு உறை, கம்பியூட்டருக்கு உறை, ஓடாத மின்விசிறிக்குக்கூட உறை. சண்டைக் காலத்தில் ஒரு பொருள் பழுதானால் திருத்தவும் ஆளில்லை, புதிது வரவும் வழியில்லை. ஆகவே பெட்டி வந்த கிழமையே நீலத் துணியில் நாடா வைத்து அதற்கும் ஒரு உறை தைத்தாயிற்று. தூசியை அளக்கிற கருவியைத் தூசி படாமல் மூடி வைத்திருந்தோம். எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

பிறகு சண்டை முடிந்தது. போன சனங்கள் திரும்பி வந்தார்கள், தெருக்கள் போடத் தொடங்கினார்கள், தெருவுக்குக் கல் வேண்டியிருந்தது. கரடியனாற்றுக்கும் உள்ளே, வயல் வட்டையின் மேற்குப் பக்கம், கருங்கல் உடைக்கும் ஆலை ஒன்று வந்தது. வட்டைக்கு இந்தப் பக்கம் திரும்பி வந்த குடும்பங்கள் இருந்தன. ஆலை தொடங்கிச் சில மாதங்களில் எங்களுக்கு ஒரு முறைப்பாடு வந்தது. கொப்பித் தாளில் எழுதியிருந்தது. கையெழுத்து ஒன்றே ஒன்று: பரமேஸ்வரி.

அந்த நாட்களில் ஒரு முறைப்பாட்டில் பெயரைப் போடுவது சின்ன விசயம் இல்லை. நான் தேடிப்போனபோது அவர் முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்தில் ஐந்து வயது மகள் தர்சினி சுவரில் சாய்ந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"மற்ற வீட்டுக்காரர் ஒருத்தரும் கையெழுத்துப் போடல்லியா தங்கச்சி?" என்று கேட்டேன்.

"போடமாட்டாங்க சேர். எல்லாருக்கும் அங்கதான் வேலை. என்ட மனிசனும் அங்கதான் கல் ஏத்துறார். அவருக்கும் சொல்லாமத்தான் எழுதினன்."

"அவருக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா ஏசுவார். புள்ள இப்பிடி முட்டு இழுக்கக்குள்ள நான் என்னண்டு பாத்துக்கொண்டிரிக்கிற?"

கொஞ்சம் கொஞ்சமாக மற்றதையும் சொன்னார். முன்பு கல்லடியில் இருந்தவர். மூத்த மகனைச் சுனாமியில் பறிகொடுத்தார். கடல் சத்தம் கேட்கிற இடத்தில் இனி இருக்கமாட்டேன் என்று தாய்வீட்டுக் காணிக்கு வந்தார். தர்சினி அதற்குப் பிறகு பிறந்தவள். சண்டைக்குள் அங்கிருந்தும் ஓடி, மறுபடி வந்து கொட்டில் போட்டவர்கள். இனி ஓடுவதற்கு இடமில்லை என்று அவர் சொல்லவில்லை, எனக்கு விளங்கியது.

முறைப்பாட்டுக்காரரின் வளவில் அளந்தால் கேள்வி வரும் என்று பெட்டியை வேறு வீட்டு முற்றத்தில் வைக்கத்தான் பார்த்தேன். ஒருவரும் விடவில்லை. ஆலையின் முகாமையாளரிடம் கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே, "அவட வளவுக்குள்ளயே வைங்க சேர், எங்களுக்குப் பயமில்ல" என்று எழுதியும் தந்தார். ஐந்து நாட்கள் வைத்தேன். தினமும் காலையில் போய்த் தாளையும் பற்றரியையும் மாற்றிக்கொண்டு திரும்பிவிடுவேன். பெட்டியைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, உறையையும் பரமேஸ்வரியிடமே கொடுத்திருந்தேன்.

கச்சான் காற்று நன்றாக வீசுகிற மாதம் அது. மேற்கிலிருந்து வரும் வரண்ட காற்று. ஆலையின் தூசி நேரே அந்த வீடுகள்மேல்தான் வரவேண்டும். முற்றத்து முருங்கையின் இலை எல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தது. ஆனால் ஐந்து தாள்களும் ஏறக்குறைய வெள்ளையாகவே வந்தன.

இங்கேதான் நீங்கள் காதைக் கொடுக்கவேண்டும். இலை ஒன்று சொன்னது, தாள் வேறொன்று சொன்னது. புத்தியுள்ளவன் அந்த இடத்தில் நின்றிருப்பான். நான் கெட்டிக்காரன் அல்லவா? இலையில் விழுவது பெருந்தூசி, அது தொண்டைக்குக் கீழே போகாது, நுண்தூசி இங்கே இல்லை என்று எனக்கு நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன். அந்த விளக்கத்தை அழகான தமிழில் அறிக்கையாகவும் எழுதினேன். எங்கள் மேலதிகாரி கையெழுத்து வைத்தார். அறிக்கை போய்விட்டது.

மேலதிகாரியைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டணத்துப் பறங்கிக் குடும்பத்தில் பிறந்தவர். எல்லோருக்கும் அவர் "மிஸ்". கந்தோரைச் சண்டைக்குள்ளும் பூட்டாமல் நடத்தியவர். அதிகம் பேசமாட்டார், அவர் பேசாமல் இருப்பதற்கே நாங்கள் பயப்படுவோம்.

ஆலை தன் வேலையை இரண்டு மடங்காக்க அனுமதி கேட்டிருந்தது. அதைப் பற்றிய விசாரணை ஒரு அரச கந்தோரில் பிற்பகல் இரண்டு மணிக்கு. முறைப்பாட்டுக்காரர் வரவேண்டும், அந்த வழியில் பஸ் இல்லை. ஆகவே நான் பத்து மணிக்கே வாகனத்தோடு பரமேஸ்வரியைக் கூட்டிவரப் போனேன். அறிக்கை அவருக்கு எதிரானது என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்தச் சங்கடத்தோடு வாசலில் நின்றேன்.

அவர் நல்ல சீலை உடுத்து, பிள்ளைக்குத் தலைவாரி, ஆயத்தமாக இருந்தார். உள்ளே போய் மடித்த நீலத் துணி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

"பெட்டிய எடுத்துக்கொண்டு போகக்குள்ள இத மறந்துபோட்டீங்க சேர். கழுவித்தான் வெச்சிருக்கன். ஆனா இந்த வட்டம் மட்டும் போகுதில்ல. மூணு தரம் சவுக்காரம் போட்டுப் பாத்திட்டன். குறை நினைக்காதீங்க."

விரித்துப் பார்த்தேன். துணியின் நடுவில், சரியாகப் பெட்டியின் வாய் இருக்கும் இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம்.

"தங்கச்சி, இத எப்ப பெட்டிக்குப் போட்டனீங்க?"

"ஒவ்வொரு நாளும்தான். அங்க மெஷின் போட்டுப் புழுதி வரக்குள்ள ஓடிப்போய் மூடிப்போடுவன். பொழுதுபட, புழுதி அடங்கினதுக்குப் புறகு கழட்டி, ஈரச் சீலையால துடைச்சும் விடுவன். நீங்கதானே சொன்னீங்க, இந்தப் பெட்டி இஞ்ச ஒண்டுதான் இரிக்கி, தூசி படப்பிடா, பழுதாகினா ஒங்கட உத்தியோகமும் போயிரும் எண்டு."

சொன்னேன். சொல்லியிருக்கிறேன். எங்கள் கந்தோரில் எதைக் கையளித்தாலும் யோசிக்காமல் வாயில் வருகிற வார்த்தைகள் அவை. காலையில் நான் வரும்போது ஆலை ஓடாது, பெட்டி திறந்திருக்கும். நான் போன பிறகு அது ஓடும், அவர் மூடுவார். தாளில் விழவேண்டியது எல்லாம் துணியில் விழுந்து, சவுக்காரத் தண்ணீரோடு முற்றத்தில் ஓடியிருக்கிறது. தன் பிள்ளைக்காக இருந்த ஒரே சாட்சியை என் உத்தியோகத்துக்காக அந்த மனிசி பொத்தி வைத்திருக்கிறார்.

ஏன் அப்போதே அவரிடம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பயந்தேன், அதுதான் உண்மை. பிள்ளை மடியில் இருக்க, வாகனத்தின் பின் சீற்றில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தன் பக்கம் ஒரு அரசாங்கக் கருவி பேசப்போகிறது என்கிற தைரியம் முகத்தில் தெரிந்தது. வழி முழுவதும் கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

ஒன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அவர்களை வெளியே நீள மர வாங்கில் இருத்திவிட்டு, மிஸ்ஸை வாகை மரத்தடிக்குக் கூட்டிப்போய் உறையைக் காட்டிச் சொன்னேன். அவர் வட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"அறிக்கையில என்ட கையெழுத்தும்தான் இரிக்கி," என்றார்.

"ஓம் மிஸ்."

"இத உள்ள சொன்னா என்ன நடக்கும் எண்டு யோசிச்சீங்களா? முறைப்பாடு போட்டவவே மெஷின மூடி வெச்சவ எண்டு அவங்க அவவக் கள்ளியாக்கிப் போடுவாங்க."

"அதுதான் மிஸ் எனக்கும் பயம்."

மிஸ் உறையை மடித்து என்னிடம் தந்தார். பிறகு, "பம்ப் பழுது எண்டு எழுதித் தாங்க. அறிக்கைய நான் வாபஸ் எடுக்கிறன். ஒருத்தருக்கும் கேடில்ல," என்றார்.

நல்ல யோசனை. அவரும் தப்புவார், நானும் தப்புவேன், பரமேஸ்வரியும் தப்புவார். பேனையை எடுத்து மூடியையும் கழற்றிவிட்டேன். அப்போதுதான் மற்றது உறைத்தது. பம்ப் பழுது என்றால் பெட்டி திருத்தக் கொழும்புக்குப் போகும். முன்பு ஒருமுறை அப்படிப் போய் வர ஒரு வருடத்துக்கு மேலானது. அதுவரை அளப்பதற்கு ஒன்றும் இல்லை, அளவு இல்லாமல் மறுக்க முடியாது என்று ஆலைக்குத் தற்காலிக அனுமதி கொடுப்பார்கள். வாங்கில் இருந்து அந்தப் பிள்ளையின் மூச்சுச் சத்தம் மரத்தடிவரை கேட்டது.

"ஏலா மிஸ்," என்றேன். "உள்ளதச் சொல்லுவம். மூடச் சொன்னது நான். உறை குடுத்ததும் நான்."

"உங்கட உத்தியோகம்," என்று சொல்லிவிட்டு மிஸ் முன்னால் நடந்தார். கோபமா சம்மதமா என்று எனக்குத் தெரியவில்லை.

உள்ளே நீள மேசை. விசாரணையை நடத்திய தலைமை அதிகாரி என் அறிக்கையை எடுத்து உரக்க வாசித்தார். என் அழகான தமிழ் என்னையே அறைந்தது. ஒவ்வொரு வரியிலும் பரமேஸ்வரியின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. கடைசியில் அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்லமாட்டேன்.

முகாமையாளர் எழும்பினார். இளம் ஆள், மடிப்புக் குலையாத சேர்ட்டு, மரியாதையான பேச்சு.

"சேர், இது பொய் முறைப்பாடு எண்டு இப்ப எல்லாருக்கும் விளங்கும். இவட மனிசனே எங்களிட்டத்தான் வேலை. நாங்க இனி அவர வெச்சிருக்க ஏலாது. ஆனா எனக்கு விளங்காதது, இவவுக்குப் பின்னால ஆர் நிக்கிறாங்க எண்டதுதான். அத விசாரிக்கோணும்."

சண்டை முடிந்து அதிக காலம் ஆகவில்லை. பின்னால் ஆர் நிற்கிறார்கள் என்கிற கேள்வி ஒருவரை எங்கே கொண்டுபோய் விடும் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பரமேஸ்வரி பிள்ளையை இறுக்கிப் பிடித்தார்.

நான் எழும்பினேன். அந்த அறிக்கை செல்லாது என்றேன். ஐந்து நாளும் ஆலை ஓடிய நேரம் கருவி மூடியிருந்தது, இன்று காலையில்தான் எனக்குத் தெரியவந்தது என்றேன். நீல உறையை விரித்து மேசையில் போட்டேன்.

முகாமையாளர் விடுவாரா? "ஆர் மூடினது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்க முன்னரே அவர் தலைமை அதிகாரியின் பக்கம் திரும்பிவிட்டார். "அவட வளவுக்குள்ள இருந்த மெஷின் சேர். அவதான் மூடியிருக்கா. பொய் முறைப்பாடு போட்டு, மெஷினையும் குழப்பி..."

"மூடச் சொன்னது நான்," என்று குறுக்கே கத்தினேன். "கருவி எதுக்கெண்டு சொல்லாம, தூசி படாமப் பாத்துக்கொள்ளச் சொல்லி உறையையும் குடுத்தது நான். பிழை என்னில."

தலைமை அதிகாரி கையைக் காட்டி என்னை அடக்கினார். பரமேஸ்வரியைப் பார்த்து, "நீங்க மூடினீங்களா அம்மா?" என்று கேட்டார்.

பரமேஸ்வரி எழும்பினார். தான் என்ன செய்துவிட்டோம் என்பது அந்த நிமிசத்தில்தான் அவருக்கு முழுதாக விளங்கியிருக்கவேண்டும். உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்லமாட்டாரா என்று என் மனதின் ஒரு மூலை ஆசைப்பட்டது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"ஓம் சேர், நான்தான் மூடினன்," என்றார். "தூசி படப்பிடா எண்டு சொன்னவர், அதால தூசி வரக்குள்ள எல்லாம் மூடினன். ஒரு நாளைக்கு அஞ்சாறு தரம் உறையக் கழட்டி உதறித் திரும்பப் போட்டன். தூசி இல்லையெண்டா நான் என்னத்துக்கு மூடப்போறன்?"

தலைமை அதிகாரி உறையைத் தன் பக்கம் இழுத்து, அந்த வட்டத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை முகாமையாளரின் முன்னால் தள்ளிவைத்தார்.

"திரும்ப அளக்க எவ்வளவு காலம் வேணும்?" என்று எங்களைக் கேட்டார்.

மிஸ் அப்போதுதான் வாயைத் திறந்தார். "கருவி நல்லாத்தான் இரிக்கி சேர். நாளைக்குக் காலம்பிற வைப்பம். நானும் போறன்."

மறுபடி அளந்து முடியும்வரை புதிய அனுமதி இல்லை, பரமேஸ்வரியின் கணவர் நாகராசாவை வேலையிலிருந்து நிறுத்தவும் கூடாது என்று முடிவானது. அன்று பின்னேரம் அவர் மனிசியை ஏசினாரா என்று நான் கேட்கவில்லை. ஆனால் அளப்பதற்கு ஆலை வழமைபோல் ஓடத்தானே வேண்டும்? அந்த ஐந்து நாளும் பிள்ளையை எங்கேயாவது அனுப்பிவைக்க முடியுமா என்று பரமேஸ்வரியிடம் கேட்டேன். தன் தங்கச்சி இருக்கிறா என்றார். எங்கே என்று கேட்டதற்கு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "கல்லடியில," என்றார். அனுப்பினார்.

கடைசியில் ஆலை, கல் வெட்டிய மலைக்கு அந்தப் பக்கம் மாறியது. அதற்கும் மாதங்கள் பிடித்தன. அந்த மாதங்களில் தர்சினி இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, மிஸ்ஸுக்கும் வந்தது. மிஸ் தன்னுடையதை வாசித்துவிட்டு மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினார். நீங்கள் இந்தத் துறையில் எத்தனையோ நுட்பங்களைக் கற்பீர்கள். ஒரு கருவியை ஒருவர் வளவில் வைத்துவிட்டு வரும்போது, அது எதற்கு என்பதை அவருக்கு விளங்கும்வரை சொல்லிவிட்டு வாருங்கள். பிழை விட்டால், எல்லோருக்கும் வசதியான காரணத்தை ஒருவர் நீட்டுவார். கையெழுத்து வைக்க முன்னர், அந்த வசதிக்காக மூச்சு முட்டப்போகிறவர் யார் என்று ஒருதரம் திரும்பிப் பாருங்கள்.

இரண்டாம் தடவை முதல் தாளை எடுத்த காலையைச் சொல்லி முடிக்கிறேன். பரமேஸ்வரி முந்திய நாள் முழுவதும் பெட்டிக்குப் பக்கத்தில் பாய் போட்டு இருந்திருக்கிறார். புழுதி வந்தபோது மூடாமல் இருக்கத் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு இருந்ததாகச் சொன்னார். மிஸ் பார்த்துக்கொண்டு நிற்க, நான் பெட்டியின் வாயைத் திறந்து இடுக்கியால் தாளை வெளியே எடுத்தேன். வெள்ளைத் தாள் என்று சொல்ல ஒரு புள்ளியும் மிச்சமில்லை. அடுப்புச் சாம்பலில் புரட்டி எடுத்த மாதிரி இருந்தது.

பரமேஸ்வரி கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

"இது எத்தின நாளையில புடிச்சது சேர்?"

"ஒரு நாள் தங்கச்சி. நேத்துக் காலம்பிற வெச்சது."

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்களை மடக்கி எதையோ எண்ணினார்.

"ஆல தொடங்கி ஏழு மாசம் சேர்," என்றார்.